தயோபென்டோன் கோமாவும் பொட்டாசியமும்: பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து ஒரு ஆய்வைச் செய்து முடிப்பது எப்படி

மண்டையோட்டுக்குள் அழுத்தம் எதற்கும் அடங்காதபோது, நோயாளியை ஆழ்மயக்கத்தில் (கோமா) வைக்க, தயோபென்டோன் என்ற பார்பிட்யூரேட் வகை மயக்க மருந்தைத் தொடர்ச்சியாக (இன்ஃப்யூஷனாக) ஏற்றுகிறோம். சில மணி நேரத்தில் ரத்தப் பொட்டாசியம் இறங்கத் தொடங்கும். 1992இல் சுவீடனிலிருந்து வெளியான ஆய்வில், கடும் தலைக்காயத்துக்காக இந்த மருந்து பெற்ற 38 பேரில் 82 விழுக்காட்டினருக்குப் பொட்டாசியம் குறைந்திருந்தது. மருந்தை நிறுத்தியதும் அது எதிர்த்திசையில் எகிறி, இதயம் நின்றுபோன நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

மயக்கவியல், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பி.ஜி படிப்பவர்கள் தீசிஸுக்கு விரும்பி எடுக்கும் தலைப்பு இது. தரவு ஏற்கெனவே கேஸ் ஷீட்டில் இருக்கிறது, செலவும் இல்லை என்பதால் எளிதாகத் தெரியும். பெரும்பாலான தரவுத் தாள்கள் பாதியில் பயனற்றுப்போவது படிகளின் வரிசை மாறுவதால்தான். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

ரத்தப் பொட்டாசிய அளவுகள் எல்லாம் லிட்டருக்கு மில்லி ஈக்விவலென்ட்; உடலில் உள்ள, ஏற்றிய மொத்த அளவுகள் மில்லி ஈக்விவலென்ட். இனி எண்ணை மட்டும் தருகிறோம்.

1. உடலியங்கியலை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

70 கிலோ எடையுள்ளவரின் உடலில் ஏறத்தாழ 3,500 மில்லி ஈக்விவலென்ட் பொட்டாசியம் உண்டு. அதில் 98 விழுக்காடு செல்களுக்குள். வெளியே, 14 லிட்டர் திரவத்தில், சுமார் 56தான். நாம் ரத்தத்தில் அளப்பது அந்தச் சிறு பங்கை மட்டுமே.

தயோபென்டோனால் வரும் குறைவு பெரும்பாலும் இழப்பல்ல, இடமாற்றம். பணம் செலவாகவில்லை, சட்டைப் பையிலிருந்து பீரோவுக்குப் போயிருக்கிறது. ஏன் போகிறது என்பதற்கு இரண்டு கருதுகோள்கள் பேசப்படுகின்றன. ஒன்று, பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் நொதி தடைபட்டு, லாக்டேட் உற்பத்தி குறைந்து, செல்லுக்குள் பிஎச் உயர்வதால் பொட்டாசியம் உள்ளே இழுபடுகிறது என்பது. மற்றது, செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாய்க்கால்களை மருந்து அடைக்கிறது என்பது. இரண்டும் கருதுகோள்களே, தீசிஸில் நிரூபணமான உண்மை போல எழுத வேண்டாம்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. “பொட்டாசியம் 1 குறைந்தால் உடலில் 200 முதல் 300 வரை பற்றாக்குறை” என்ற வார்டு கணக்கு இழப்புக்கு மட்டுமே பொருந்தும். இங்கே அதைப் போட்டால், இல்லாத பற்றாக்குறைக்கு மருந்து ஏற்றுகிறோம். ஆகவே நோயாளிக்கு எவ்வளவு பொட்டாசியம் ஏற்றப்பட்டது என்பதும் உங்கள் ஆய்வின் மையக் கேள்விகளில் ஒன்று. அதைக் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் கிடக்கும் விவரமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

2. கேள்வியை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்

“தயோபென்டோன் பொட்டாசியத்தைப் பாதிக்கிறதா” என்ற கேள்வியோடு எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகாதீர்கள். இரண்டு கேள்விகளாக்குங்கள்:

அ) இன்ஃப்யூஷன் தொடங்கியபின் பொட்டாசியம் எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது?

ஆ) இன்ஃப்யூஷனைக் குறைத்தபின் அல்லது நிறுத்தியபின் எவ்வளவு ஏறுகிறது? முன்பு ஏற்றிய பொட்டாசியத்துக்கும் அந்த ஏற்றத்துக்கும் தொடர்பு உண்டா?

இரண்டுக்கும் நோயாளிக் குழு ஒன்றல்ல. முதல் கேள்விக்கு மருந்து பெற்ற அனைவரும் வருவார்கள். இரண்டாவதற்கு, மருந்து நின்றபின் உயிரோடு இருந்தவர்கள் மட்டும். இதைத் தொடக்கத்திலேயே பிரிக்காதவர்கள் கடைசியில் “எகிறல் 10 விழுக்காடுதான்” என்று எழுதுவார்கள். அந்த விகிதத்தின் பகுதியில் (வகுக்கும் எண்ணில்) பாதிப்பேர் மருந்து ஓடும்போதே இறந்தவர்களாக இருப்பார்கள்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி. பெயர் நீக்கிய பழைய பதிவுகளை மட்டும் பார்ப்பதானால், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைகளின்படி ஒப்புதல் படிவத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். கமிட்டியே அதைத் தர வேண்டும். நீங்களே எடுத்துக்கொள்ள முடியாது.

மருந்துப் பட்டியல். எம்ஆர்டியில் (பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்திருக்கும் மருத்துவப் பதிவுப் பிரிவில்) போய் “தயோபென்டோன் கேஸ்” என்று கேட்டால் கிடைக்காது, டயக்னோசிஸ் வழியாகத்தான் அங்கே தேட முடியும். ஐசியு மருந்து இருப்புப் பதிவேட்டிலும் பார்மசி விநியோகப் பதிவிலும் தொடங்குங்கள். ஒரே நோயாளிக்கு ஒரு நாளில் பல வயல் (மருந்துக் குப்பி) போயிருந்தால் அது இன்ஃப்யூஷன். ஒரு வயல் மட்டும் என்றால் பெரும்பாலும் சுவாசக் குழாய் போடும்போது மயக்கமூட்டக் கொடுத்த இன்டக்‌ஷன் டோஸ்.

ஆய்வக விவரம். சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) பொட்டாசியம் எந்தக் கருவியில், ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) பொட்டாசியம் எந்தக் கருவியில், ஆய்வுக் காலத்தில் கருவி மாறியதா என்று பயோகெமிஸ்ட்ரியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

4. கடிகாரம் எப்போது தொடங்குகிறது

பூஜ்ய நேரம் என்பது லோடிங் டோஸின் (தொடக்கத்தில் தரும் பெரிய டோஸின்) முதல் பகுதி கொடுத்த நேரம். டாக்டர் ஆர்டர் எழுதிய நேரம் அல்ல. ஆர்டருக்கும் சிரிஞ்ச் பம்ப் ஓடத் தொடங்குவதற்கும் இடையே ஒரு மணி நேரம்கூடப் போகலாம். நர்ஸிங் சார்ட்டில் உள்ள நேரத்தை எடுங்கள்.

அறுவை அரங்கில் இன்டக்‌ஷனுக்குக் கொடுத்த ஒற்றை டோஸைப் பூஜ்யமாக வைக்காதீர்கள்.

அடிப்படை அளவு பூஜ்ய நேரத்துக்கு முந்தைய 6 மணி நேரத்துக்குள் எடுத்த கடைசி பொட்டாசியம். இதில் ஒரு பொறி இருக்கிறது. கடும் தலைக்காயத்தில் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்வதால், வந்து சேரும்போதே பலருக்குப் பொட்டாசியம் குறைந்திருக்கும். பிறகு அது தானாகவே ஏறும். சேர்க்கை நேர அளவை அடிப்படையாக வைத்தால் மருந்தின் விளைவு மறைந்துபோகும். முந்தைய 24 மணி நேரத்தில் எடுத்த எல்லா அளவுகளையும் பதிவுசெய்து, எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதையும் பாருங்கள்.

5. வரையறைகளை எழுதிப் பூட்டுங்கள்

ஒரு தாளையும் திறக்கும் முன் இவை எழுதப்பட்டு, கைடு கையெழுத்தும் தேதியும் இட்டிருக்க வேண்டும்:

- சேர்க்கை: 18 வயது நிறைந்தவர், இன்ஃப்யூஷன் குறைந்தது 6 மணி நேரம் ஓடியது.
- விலக்கு: டயாலிசிஸில் இருந்தவர், அடிப்படை அளவே இல்லாதவர்.
- குறைவு: 3.5க்குக் கீழ். லேசு 3.0 முதல் 3.4 வரை, நடுத்தரம் 2.5 முதல் 2.9 வரை, கடுமை 2.5க்குக் கீழ்.
- எகிறல்: மருந்தைக் குறைக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து, நிறுத்தியபின் 72 மணி நேரம் வரை, 5.5க்கு மேல். 6.5க்கு மேல் போனதைத் தனியாக எண்ணுங்கள்.

அடிப்படையே 3.5க்குக் கீழ் இருந்தவரை விலக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். விலக்காதீர்கள், தனிக் குழுவாகக் காட்டுங்கள். இந்த நோயாளிகள் மானிட்டால் (சிறுநீரைப் பெருக்கி மூளை அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து) வாங்கியே வந்திருப்பார்கள். இவர்களை எல்லாம் வெளியே தள்ளினால் உங்கள் குழு நிஜ ஐசியுவைப் போல இருக்காது.

தரவைப் பார்த்தபிறகு 5.5ஐ 5.0ஆக மாற்றும் ஆசை வரும். தேதியிட்ட தாள் அதற்குத்தான்.

6. எத்தனை பேர் வேண்டும்

விகிதத்தைக் கணிப்பதே நோக்கமானால் சூத்திரம் எளிது. எதிர்பார்க்கும் விகிதம் 0.8, துல்லியம் இரு பக்கமும் 0.1 என்றால் 62 பேர். துல்லியத்தை 0.15 ஆகத் தளர்த்தினால் 28 பேர் போதும்.

அதே நோயாளியின் முன் அளவையும் பின் அளவையும் ஒப்பிடுவதானால் இன்னும் குறையும். சராசரி வீழ்ச்சி 0.5, வித்தியாசத்தின் திட்டவிலக்கம் 0.8, 80 விழுக்காடு திறன் (பவர்) என்று வைத்தால் 21 பேர்.

ஆனால் இந்த எண்கள் முதல் கேள்விக்கு மட்டுமே. எகிறலைப் பற்றிப் பேச, மருந்து நின்றபின் பிழைத்திருந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துத் தனியாகக் கணக்கிடுங்கள். ஒரு மருத்துவமனையில் ஐந்தாண்டுப் பதிவு போதவில்லை என்றால், எகிறலை விவரித்து மட்டும் எழுதிவிட்டு ஒப்பீட்டைக் கைவிடுவதே நேர்மை.

7. தரவுத் தாள்: ஒரு ரத்த மாதிரிக்கு ஒரு வரி

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழுவது இங்கேதான். எக்செலைத் திறந்ததும் ஒரு நோயாளிக்கு ஒரு வரி போட்டு, “முதல் நாள் பொட்டாசியம், இரண்டாம் நாள் பொட்டாசியம்” என்று பத்திகளை நீட்டுவார்கள். ஒரே நாளில் 3.9ம் 2.4ம் இருந்தால் எதை எழுதுவது? அங்கேயே தாள் உடைந்துவிடும்.

இரண்டு தாள்கள் வையுங்கள். முதல் தாளில் நோயாளிக்கு ஒரு வரி: குறியீட்டு எண், வயது, பாலினம், எடை, டயக்னோசிஸ், பூஜ்ய நேரம், குறைக்கத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், முடிவு. பெயரும் ஐபி (உள்நோயாளி) எண்ணும் மூன்றாவது கோப்பில், கடவுச்சொல்லோடு, வேறு கணினியில்.

இரண்டாவது தாளில் ஒவ்வொரு பொட்டாசிய மாதிரிக்கும் ஒரு வரி. பத்திகள் இவை:

- குறியீட்டு எண், மாதிரி எடுத்த தேதி, நேரம்
- பொட்டாசியம், மாதிரி வகை (சீரமா ஏபிஜியா), ஹீமாலிசிஸ் (சிவப்பணு உடைந்து பொட்டாசியம் கசிதல்) குறிப்பு
- அந்த நேரத்துத் தயோபென்டோன் வேகம்
- முந்தைய மாதிரிக்குப் பிறகு கொடுத்த மொத்தப் பொட்டாசியம்
- பிஎச், கார்பன் டை ஆக்சைடு அழுத்தம், சர்க்கரை
- உடல் வெப்பநிலை
- இன்சுலின், அட்ரினலின், நார்அட்ரினலின் வேகம். சால்புடமால் நெபுலைசேஷன் உண்டா
- முந்தைய மாதிரிக்குப் பிறகு மானிட்டால், ஃப்ரூசமைட் அளவு, சிறுநீர் அளவு
- கிடைத்தால் மெக்னீசியம், கிரியேட்டினின்

தயோபென்டோன் வேகத்தில் ஒரு எச்சரிக்கை. சார்ட்டில் “மணிக்கு 11.2 மி.லி” என்று மட்டும் இருக்கும். 1 கிராமை 40 மி.லியில் கரைத்திருந்தால் ஒரு மி.லியில் 25 மி.கி, 70 கிலோ நோயாளிக்கு அது மணிக்குக் கிலோவுக்கு 4 மி.கி. அதே 1 கிராமை 50 மி.லி சிரிஞ்சில் நிரப்பியிருந்தால் ஒரு மி.லியில் 20 மி.கி, வேகம் 3.2 ஆகிவிடும். கரைத்த முறையை ஒவ்வொரு நோயாளிக்கும் தேடி எழுதுங்கள். கிடைக்காவிட்டால் அன்றைய வயல் எண்ணிக்கையிலிருந்து கணித்து, “கணிப்பு” என்று குறியுங்கள்.

முதல் ஐந்து நோயாளிகளை நிரப்பியதும் நிறுத்தி, தாளைத் திருத்துங்கள். ஐம்பதாவது நோயாளிக்குப் பிறகு புதிய பத்தி சேர்த்தால் எல்லாக் கேஸ் ஷீட்டையும் மறுபடி எடுக்க வேண்டிவரும். எம்ஆர்டிக்காரர் இரண்டாம் முறை அவ்வளவு சிரித்துப் பேசமாட்டார்.

8. மாதிரியின் தரம்

எடுத்த நேரம் வேறு, ரிப்போர்ட் நேரம் வேறு. கணினியில் பதிவாவது பெரும்பாலும் ரிப்போர்ட் நேரம். இரவு 2 மணிக்கு எடுத்து 5 மணிக்கு வந்த ரிப்போர்ட்டை 5 மணியாகப் போட்டால், 3 மணிக்குத் தொடங்கிய பொட்டாசியம் டிரிப்புக்குப் பிறகும் அளவு குறைவாக இருந்தது போலத் தெரியும்.

சீரத்தையும் ஏபிஜியையும் கலக்காதீர்கள். ரத்தம் உறையும்போது தட்டணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிவதால் சீரம் அளவு பிளாஸ்மாவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், வழக்கமாக 0.1 முதல் 0.4 வரை. ஏபிஜி சிரிஞ்சில் திரவ ஹெப்பாரின் மீந்திருந்தால் ரத்தம் நீர்த்து அளவு குறையும். இரண்டும் எதிரெதிர்த் திசைகள். பகல் நேரத்துச் சீரமும் இரவு நேரத்து ஏபிஜியும் கலந்த வரைபடத்தில் “தினமும் இரவில் பொட்டாசியம் இறங்குகிறது” என்ற அபூர்வக் கண்டுபிடிப்பு கிடைக்கும்.

ஏபிஜியில் ஹீமாலிசிஸ் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே யாரும் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிப்பதில்லை. ஏபிஜியில் மட்டும் 6.2 வந்து, சற்றுநேரத்தில் எடுத்த சீரத்தில் 4.1 இருந்தால், நீக்காமல் சந்தேகக் குறி இடுங்கள். பகுப்பாய்வை அந்த வரியோடு ஒருமுறையும் அது இல்லாமல் ஒருமுறையும் செய்யுங்கள்.

9. ஏற்றிய பொட்டாசியத்தைக் கணக்கிடுதல்

நம்மூர் 15 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் 10 மி.லியில் 20 மில்லி ஈக்விவலென்ட் இருக்கும். இரண்டு ஆம்பூலை 500 மி.லியில் கலந்து மணிக்கு 100 மி.லி ஓட்டினால் மணிக்கு 8. நான்கு மணி நேரம் கழித்து அடுத்த மாதிரி எடுத்தால் அந்த வரியில் 32 என்று வரும்.

“இரண்டு ஆம்பூல் கொடுக்கப்பட்டது” என்று டாக்டர் நோட்ஸில் இருப்பதை 40 என்று எழுதிவிடாதீர்கள். பாட்டில் பாதியில் மாற்றப்பட்டிருக்கலாம். இன்டேக் சார்ட்டில் உள்ளே போன மி.லியே கணக்கு.

ரைல்ஸ் டியூப் (மூக்கு வழி இரைப்பைக்குப் போகும் குழாய்) வழி கொடுக்கும் பொட்டாசியம் சிரப்பை மறந்துவிடுகிறார்கள். 15 மி.லி என்பது வழக்கமாக 20 மில்லி ஈக்விவலென்ட்; பாட்டில் லேபிளைச் சரிபாருங்கள். தினம் மூன்று வேளை என்றால் 60. ரிங்கர் லாக்டேட்டில் லிட்டருக்கு 4தான். ஆனாலும் கணக்கில் சேருங்கள். பாக்கெட் ரத்தம் ஏற்றியிருந்தால் யூனிட் எண்ணிக்கையைத் தனிப் பத்தியில் வையுங்கள். அதன் பொட்டாசியம் ரத்தத்தின் வயதைப் பொறுத்தது என்பதால் எண்ணாக மாற்ற முயல வேண்டாம்.

10. வேறு யார் பொட்டாசியத்தை நகர்த்துகிறார்கள்

தயோபென்டோன் வரை போன நோயாளி அதற்கு முன்பே எல்லாச் சிகிச்சையையும் வாங்கியிருப்பார். மானிட்டாலும் ஃப்ரூசமைட்டும் சிறுநீரில் இழக்கவைக்கும். மிகைச் சுவாசம், இன்சுலின், சால்புடமால், அட்ரினலின் ஆகியவை செல்லுக்குள் தள்ளும். மெக்னீசியம் குறைவாக இருந்தால் எவ்வளவு ஏற்றினாலும் சிறுநீரில் போய்விடும். டயபடிஸ் இன்சிபிடஸ் வந்திருந்தால் மணிக்கணக்கில் சிறுநீர் கொட்டும்.

இவற்றை இரண்டு கூடைகளாகப் பிரியுங்கள்: இழப்பு உண்டாக்குபவை, இடமாற்றம் உண்டாக்குபவை. இழப்பால் வந்த குறைவு மருந்தை நிறுத்தியபின் எகிறாது. இடமாற்றத்தால் வந்தது எகிறும். இந்தப் பிரிவினை இல்லாமல் இரண்டாம் கேள்விக்கு விடை காண முடியாது.

உடல் வெப்பநிலை மட்டும் தனி வகை. பார்பிட்யூரேட் கோமாவில் நடுக்கம் நின்று, உடல் தானே குளிரும். குளிர்ச்சி பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். சூடேறும்போது வெளியே வரும். அப்படியானால் வெப்பநிலை இடையூறு செய்யும் காரணியா, மருந்தின் விளைவு செல்லும் வழியா? வேண்டுமென்றே குளிரூட்டியிருந்தால் முதலாவது. தானாகக் குளிர்ந்திருந்தால் இரண்டாவது; அதைச் சரிக்கட்டினால் மருந்தின் விளைவில் ஒரு பகுதியை நீங்களே அழிக்கிறீர்கள். குளிரூட்டும் போர்வை பயன்பட்டதா என்று நர்ஸிங் குறிப்பில் தேடுங்கள்.

ஒப்பீட்டுக் குழுவாக மிடசோலமோ புரோபோஃபாலோ மட்டும் பெற்றவர்களை எடுப்பது வழக்கம். அவர்கள் பெரும்பாலும் நோய் குறைவானவர்கள். மானிட்டாலும் குறைவாகவே வாங்கியிருப்பார்கள். அதே நோயாளியின் பூஜ்ய நேரத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தோடு ஒப்பிடுவது மேல் என்பது எங்கள் கணிப்பு. அதற்கும் குறைகள் உண்டு, ஆனால் அவை வெளிப்படையானவை.

11. நிறுத்தியபின் 72 மணி நேரம்

பெரும்பாலான தாள்கள் மருந்து நின்றதோடு நின்றுவிடுகின்றன. உயிருக்கு ஆபத்தான பகுதி அதன்பிறகுதான் வருகிறது.

நிறுத்திய நேரம் மட்டும் போதாது, குறைக்கத் தொடங்கிய நேரமும் வேண்டும். வேகத்தைப் பாதியாக்கியவுடனேயே பொட்டாசியம் திரும்பத் தொடங்கலாம். திடீரென நிறுத்தினார்களா, படிப்படியாகவா என்பது ஒரு பத்தி. கடைசிப் பொட்டாசியம் டிரிப் எப்போது நின்றது என்பது இன்னொன்று. இந்த இரண்டு நேரங்களின் இடைவெளி, எகிறலை விளக்கும் தகவல்களில் மிக முக்கியமானது. மருந்து நின்றபின்னும் டிரிப் ஓடிக்கொண்டிருந்த நோயாளிகளைத் தனியே பட்டியலிடுங்கள்.

நீண்ட இன்ஃப்யூஷனுக்குப் பிறகு தயோபென்டோன் உடலைவிட்டு மெதுவாகவே போகும். அதன் ஒரு பகுதி பென்டோபார்பிட்டலாகவும் மாறும். ஆகவே நோயாளி மயக்கத்தில் இருக்கிறார் என்பதை வைத்து “மருந்தின் விளைவு இன்னும் இருக்கிறது, பொட்டாசியம் ஏறாது” என்று கொள்ள முடியாது. இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை.

கிரியேட்டினின் ஏறியிருந்ததா, அமிலத்தன்மை இருந்ததா, ரத்தம் ஏற்றினார்களா, மறுபடி சுவாசக் குழாய் போட சக்சினைல்கோலின் (தசை தளர்த்தும் மருந்து) கொடுத்தார்களா என்பதையும் குறியுங்கள். நாள்கணக்கில் அசைவின்றிக் கிடந்தவருக்குச் சக்சினைல்கோலின் கொடுத்தால் அதுவே தனியாகப் பொட்டாசியத்தை எகிறவைக்கும். பழி தயோபென்டோன் மேல் விழக்கூடாது.

12. இரண்டாவது ஆள் சரிபார்த்தல்

பத்தில் ஒரு நோயாளியை, உங்கள் தாளைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி நிரப்ப வேண்டும். நேரங்களிலும் ஏற்றிய பொட்டாசியத்திலும்தான் வேறுபாடு வரும். எவ்வளவு ஒத்துப்போனது என்பதை முடிவுகளில் எழுதுங்கள். இதைக் கடைசியில் செய்யாமல் முதல் இருபது நோயாளிகளிலேயே செய்தால், தவறான பழக்கம் முழுத் தாளிலும் பரவாது.

13. பகுப்பாய்வு

முதலில் படம் வரையுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கோடு, கிடை அச்சில் பூஜ்யத்திலிருந்து மணி நேரம். அடியில் தயோபென்டோன் வேகமும் ஏற்றிய பொட்டாசியமும் பட்டைகளாக. ஒரு நாள் உட்கார்ந்து இவற்றைப் பார்த்தாலே தவறான நேரங்கள் கண்ணில் குத்தும்: மருந்து தொடங்கும் முன்பே நிறுத்தியவர், இறந்தபின் மாதிரி எடுத்தவர்.

ஒரே நோயாளியின் பத்து மாதிரிகள் பத்து நோயாளிகளுக்குச் சமம் ஆகாது. எல்லா வரிகளையும் ஒன்றாகக் கொட்டி டி-சோதனை போட்டால் பி மதிப்பு பொய் சொல்லும். நோயாளியைத் தற்செயல் காரணியாக வைக்கும் கலப்பு விளைவு மாதிரியை (மிக்ஸட் எஃபெக்ட்ஸ் மாடல் என்ற புள்ளியியல் முறையை) பயன்படுத்துங்கள். ஆர் மென்பொருளில் இலவசமாகச் செய்யலாம். நேரத்தை நேர்கோடாக எடுக்காமல் வளைவாக எடுங்கள், ஏனென்றால் பொட்டாசியம் இறங்கி, தங்கி, பிறகு ஏறும்.

மிகக் குறைந்த அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நிலை மோசமானவருக்கு அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். அடிக்கடி எடுத்தால் குறைந்த எண் கண்ணில் படும் வாய்ப்பும் கூடும். ஒரு நாளைக்கு எத்தனை மாதிரிகள் என்பதை நோயாளிவாரியாகச் சேர்த்துக் கொடுங்கள்.

ஏற்றிய பொட்டாசியத்தைச் சாதாரண இணைமாறியாக (கோவேரியட்) வைத்துச் சரிக்கட்டுவது இன்னொரு தவறு. பொட்டாசியம் குறைந்ததால்தான் அது ஏற்றப்பட்டது. ஏற்றியதால்தான் அடுத்த அளவு மாறியது. இந்தச் சுழலைச் சாதாரண ரிக்ரெஷன் அவிழ்க்காது. “அதிகம் ஏற்றியவருக்கே அதிகம் குறைந்தது” என்று தலைகீழாக விடை வரும். புள்ளியியலாளர் உதவி இல்லையென்றால், மொத்தமாக எவ்வளவு ஏற்றப்பட்டது என்பதை ஒரு விளைவாகவே விவரித்துவிடுங்கள்.

எகிறலைக் கணக்கிடும்போது மரணம் போட்டி நிகழ்வு: அது முந்திக்கொண்டால் எகிறல் வந்திருக்குமா என்பது தெரியாது. நிறுத்தி 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்களை “எகிறல் இல்லை” என்ற கட்டத்தில் போடாதீர்கள்.

விடுபட்ட அளவுகளுக்கு முந்தைய அளவை இழுத்து நிரப்பவும் வேண்டாம். பொட்டாசியம் மணிக்கு மணி நகரும் இடத்தில் அது கற்பனைத் தரவு.

14. புதிய நோயாளிகளிடம் முன்னோக்கிச் செய்வதானால்

சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே முடிய வேண்டும்; பின்தேதிப் பதிவு 2018 ஏப்ரல் முதல் ஏற்கப்படுவதில்லை.

முன்னோக்கிச் செய்வதன் பெரிய லாபம் சிறுநீர்ப் பொட்டாசியம். இழப்பா இடமாற்றமா என்பதற்கு நேரடிச் சான்று அதுவே. ஒற்றைச் சிறுநீர் மாதிரியில் பொட்டாசியம்–கிரியேட்டினின் விகிதம், கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு 13 மில்லி ஈக்விவலென்ட்டுக்குக் கீழ் இருந்தால் சிறுநீரக இழப்பு காரணமல்ல என்று கொள்ளலாம். மானிட்டால் கொடுத்த உடனே மாதிரி எடுக்காதீர்கள்.

மாதிரி நேரங்களை முன்பே நிர்ணயுங்கள்: ஓடும்போது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, குறைக்கத் தொடங்கியதிலிருந்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது ஐசியுவால் தாங்கக்கூடியது. எல்லாம் ஆர்ட்டீரியல் லைனிலிருந்து, குழாயில் தேங்கிய ரத்தத்தை நீக்கியபின், ஒரே வகைக் கருவியில்.

பாதுகாப்பு விதி நெறிமுறையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த அளவுக்குக் கீழே பொட்டாசியம் ஏற்றுவது, எந்த நேரத்தில் ஏற்றுவதை நிறுத்துவது, 6ஐத் தாண்டினால் அல்லது இசிஜி மாறினால் யாரை அழைப்பது என்று. கால்சியம் குளுக்கோனேட், இன்சுலின், 25 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் படுக்கையருகே இருக்க வேண்டும். சிகிச்சை முடிவு ஐசியு கன்சல்டன்டுடையது. ஆய்வாளர் அதில் கைவைக்கக்கூடாது. வைத்தால் அது வேறு வகை ஆய்வு, வேறு அனுமதி.

15. எழுதும்போது

ஸ்ட்ரோப் (கவனிப்பு ஆய்வுகளை எழுதும் முறைக்கான) பட்டியலின் 22 அம்சங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். முதல் படமாகச் சேர்க்கைப் பாய்வுப்படம்: பார்மசியில் கண்டவர் எத்தனை, கேஸ் ஷீட் கிடைக்காதவர் எத்தனை, 6 மணி நேரத்துக்குக் குறைவாக ஓடியவர் எத்தனை, நிறுத்தியபின் 24 மணி நேரம் பிழைத்தவர் எத்தனை. கடைசி எண்தான் உங்கள் எகிறல் விகிதத்தின் பகுதி. அட்டவணையிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

“தயோபென்டோன் பொட்டாசியத்தைக் குறைத்தது” என்று எழுதாமல், “தயோபென்டோன் ஓடிய காலத்தில் பொட்டாசியம் குறைந்தது” என்று எழுதுங்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அதற்கு மேல் சொல்லும் உரிமை பெறவில்லை. வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முதலில் கைவைப்பதும் அந்த வினைச்சொல்லில்தான்.